சுட்டுப் பார்க்காமல் பெயர் சொல்லலாமா?



‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். மனித உறவுகளைப் பற்றிச் சொல்லப்படும் பழமொழி அது. ஆனால் அதற்குள் ஓர் அருமையான அறிவியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. வெயிலில் காய்ந்த பச்சைப் பானையைத் தண்ணீரில் போட்டால் அது மறுபடியும் சேறாகிவிடும். சூளையில் வெந்த பானையை எத்தனை நாள் ஊறவைத்தாலும் சேறாகாது. காய்வது வேறு, வேவது வேறு. இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கனிமங்களை அறிவியலார் அடையாளம் காண்கிறார்கள்.

அந்த முறையைப் பற்றி எழுத வந்த நான், அதோடு ஒரு கருத்தையும் வற்புறுத்த விரும்புகிறேன். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும், பொருளைப் பக்குவமாகத் தயார் செய்து, பல வழிகளில் கேள்வி கேட்டால்தான் அது உண்மையைச் சொல்லும். அவசரப்பட்டு ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டால், பொய்யைக்கூட அழகான வரைபடமாகப் போட்டுக் கொடுத்துவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்கு நான் சொன்ன பதில்

முதுகலை வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல் பூமி. மாமா புதிதாக வாங்கிய மனையில் வீடு கட்ட எண்ணியிருந்தார். அந்த மனையிலிருந்து ஒரு பை மண்ணை எடுத்து வந்து, என் ஆய்வுத் திட்டத்துக்கு அதையே வைத்துக்கொண்டேன். மண்ணிலிருந்து களியைப் பிரித்து, கண்ணாடி வில்லையில் பூசி, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்தேன். அரை மணி நேரத்தில் வரைபடம் வந்தது. அதில் இரண்டு முகடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று ஏறத்தாழ 14 ஆங்ஸ்ட்ராம், மற்றொன்று ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம்.

புத்தகத்து அட்டவணையைப் புரட்டினேன். குளோரைட் என்ற கனிமத்துக்கு 14-லும் 7-லும் முகடுகள் உண்டு என்று போட்டிருந்தது. இரண்டும் பொருந்திவிட்டன! ஒரு சாட்சிக்கு இரண்டு சாட்சி. குளோரைட் தண்ணீரில் உப்பாத கனிமம். அன்று மாலையே மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “பயப்படாதீங்க மாமா, இது உப்புற மண் இல்லை.”

மறுநாள் வரைபடத்தைப் பார்த்த எங்கள் பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: “சுட்டுப் பார்த்தாயா?”

நான் சுடவில்லை. அந்தக் கேள்வியின் பொருளை விளக்க, முதலில் களிமண் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

அடுக்கி வைத்த ஏடுகள்

களிமண் என்பது உருவமற்ற பசை என்றுதான் நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். 1912-இல் மாக்ஸ் ஃபான் லாவே, படிகங்களின் ஊடே எக்ஸ்-கதிர்கள் செல்லும்போது விளிம்பு விளைவு உண்டாகிறது என்று காட்டினார். அடுத்து பிராக் என்ற தந்தையும் மகனும் அதைக் கொண்டு படிகத்தின் அணு அடுக்குகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்கும் வழியைக் கண்டனர். இருவருக்கும் 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது மகன் லாரன்ஸ் பிராகுக்கு வயது 25. 1930-இல் ஹெண்ட்ரிக்ஸ், ஃப்ரை என்ற இருவர் மண்ணிலுள்ள நுண்களியை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, அதில் இருப்பவையும் படிகங்களே என்று காட்டினார்கள்.

இந்தப் படிகங்கள் புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மெல்லிய தகடுகள். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன், ஹைட்ராக்சில் ஆகியவற்றால் ஆனவை. ஓர் ஏட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஏட்டின் தொடக்கம் வரை உள்ள தொலைவுதான் கனிமத்துக்குக் கனிமம் மாறுகிறது. கயோலினைட்டுக்கு அது சுமார் 7.15 ஆங்ஸ்ட்ராம். இல்லைட்டுக்கு 10. கரிசல் மண்ணில் மிகுந்திருக்கும் ஸ்மெக்டைட்டுக்கு, காற்றில் உலர்ந்த நிலையில், பெரும்பாலும் 14-க்கும் 15-க்கும் இடையில். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு!

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பிராக் சமன்பாட்டைப் படித்திருப்பீர்கள்: nλ = 2d sin θ. செம்பு இலக்கு கொண்ட குழாயிலிருந்து வரும் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். d-க்கு 7.15 என்று போட்டுக் கணக்கிடுங்கள். 2θ ஏறத்தாழ 12.4 டிகிரி வரும். 10 ஆங்ஸ்ட்ராமுக்கு 8.8 டிகிரி, 14-க்கு 6.3 டிகிரி. கருவி அளப்பது இந்தக் கோணத்தை மட்டுமே. கனிமத்தின் பெயரை அது அளப்பதில்லை. பெயர் வைப்பது நாம்.

ஒரே சட்டை போட்ட மூவர்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காற்றில் உலர்ந்த நிலையில் ஸ்மெக்டைட், வெர்மிகுலைட், குளோரைட் ஆகிய மூன்றுமே 14 ஆங்ஸ்ட்ராமுக்கு அருகில் முகடு காட்டும். ஒரே நிறச் சட்டை போட்ட மூன்று சகோதரர்களை முதுகுப்புறமிருந்து பார்ப்பதைப் போல. கூப்பிட்டுப் பார்த்தால்தானே யார் திரும்புகிறார் என்பது தெரியும்?

முதல் அழைப்பு எத்திலீன் கிளைக்கால். வில்லையை இந்தத் திரவத்தின் ஆவி நிறைந்த மூடிய கலத்தில், 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஓர் இரவு வைப்பார்கள். ஸ்மெக்டைட்டின் ஏடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதில்லை. அவற்றினிடையே கிளைக்கால் புகுந்து இடைவெளியை 17 ஆங்ஸ்ட்ராமாக விரித்துவிடும். முகடு 5.2 டிகிரிக்கு நகரும். குளோரைட் அசையாது. வெர்மிகுலைட் அந்த அளவுக்கு விரியாது.

இரண்டாவது அழைப்பு நெருப்பு. முதலில் 300 டிகிரி வரை சூடாக்கினால், ஸ்மெக்டைட்டின் ஏடுகளுக்கு நடுவே தங்கியிருந்த நீர் வெளியேறி, இடைவெளி 10 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கும். ஈரம் போனால் கரிசல் நிலம் வெடிக்கிறதல்லவா, அதன் அணு வடிவம் இது. குளோரைட்டின் ஏடுகளுக்கு நடுவே நீருக்குப் பதிலாக ஒரு ஹைட்ராக்சைடு தகடு முட்டுக் கொடுத்து நிற்பதால் அது 14-லேயே இருக்கும். அதை 550 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டாலும் அந்த 14 முகடு மறையாது, முன்னைவிட வலுவாகவே தெரியும்.

கயோலினைட்டின் கதை வேறு. 300 டிகிரி அதை ஒன்றும் செய்வதில்லை. 550 டிகிரியில் அதன் உடம்பிலேயே கட்டுண்டிருந்த ஹைட்ராக்சில் பிரிந்து நீராவியாகப் போய்விடுகிறது. 100 கிராம் தூய கயோலினைட் சுடப்பட்டால் ஏறத்தாழ 14 கிராம் எடை இழக்கும். அடுக்கு ஒழுங்கு குலைந்து, 7 ஆங்ஸ்ட்ராம் முகடு வரைபடத்திலிருந்தே காணாமல் போகும். இப்படிப் போன நீரைத் தண்ணீரில் ஊறவைத்து மீட்க முடியாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஏன் ஒட்டுவதில்லை என்பது இப்போது புரிகிறதா?

என் வில்லைக்கு வருவோம். கிளைக்காலில் வைத்ததும் 14 முகடு 17-க்குப் போனது. 550 டிகிரியில் சுட்டதும் அது 10-க்கு வந்தது. 7 முகடு அடியோடு மறைந்தது. ஆக, அதில் குளோரைட் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஸ்மெக்டைட்டும் கயோலினைட்டும் கலந்திருந்தன. இரண்டு வெவ்வேறு கனிமங்களின் முகடுகளைச் சேர்த்து, இல்லாத மூன்றாவது கனிமத்துக்கு நான் பெயர் சூட்டியிருக்கிறேன்!

அந்த வாரமே ஊருக்குப் போய் மாமாவிடம் என் தவறைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கொத்தனார் சிரித்துவிட்டார். “கரிசல் உப்பாம இருக்குமா தம்பி? சித்திரையில வெடிப்புல காலை விட்டா முழங்கால் வரைக்கும் போகுமே!” என்றார். மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் மண்மீது மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் சுவர் விரியும் என்பது அவருக்கு அனுபவ அறிவு. ஆழத் தோண்டிக் கெட்டித் தரையில்தான் அவர் அஸ்திவாரம் போட்டார். நல்லவேளையாக என் வரைபடத்தை அவர் நம்பியிருக்கவில்லை.

பக்குவம் என்பது கூலிவேலையா?

“மாதிரியைத் தயாரிப்பது உதவியாளர் வேலை, முடிவு காண்பதே அறிவியலார் வேலை” என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் ஓர் இயற்பியல் கேள்வி இருக்கிறது.

களி என்பது 2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். அதைச் சல்லடையால் பிரிக்க முடியாது. மண்ணைத் தண்ணீரில் கலக்கிவிட்டு, பெரிய துகள்கள் கீழே படிந்தபின் மேலேயுள்ள கலங்கலை எடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து? ஸ்டோக்ஸ் விதி விடை சொல்கிறது. 20 டிகிரி வெப்பநிலையில் 2 மைக்ரோமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 7 மணி 45 நிமிடம் ஆகும். குளிர்நாட்டில் எழுதிய புத்தகத்தைப் பார்த்து நாமும் 8 மணி நேரம் காத்திருந்தால் சரியாகுமா? நம் ஊர் ஆய்வகத்தில் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும். அதன் பாகியல் குறைவு. துகள் அதே தூரத்தை ஏறத்தாழ 6 மணி 15 நிமிடத்தில் கடந்துவிடும். வெப்பமானியைப் பார்க்காதவருக்கு இது தெரியாது.

மண்ணிலுள்ள சுண்ணாம்பை நீக்க வேண்டும். வீரியமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் சுண்ணாம்போடு குளோரைட்டும் சிதையக்கூடும். ஆகவே மென்மையான அசெட்டிக் அமிலக் கரைசலையே பயன்படுத்துகிறார்கள். மக்கிய பொருள்களை ஹைட்ரஜன் பெராக்சைடால் எரிக்கிறார்கள். உரலில் போட்டு மணிக்கணக்கில் உலர அரைத்தால் கயோலினைட்டின் படிக ஒழுங்கே கெட்டுவிடும். ஹாலோய்சைட் என்றொரு கனிமம் உண்டு. ஈரமாக இருக்கையில் 10 ஆங்ஸ்ட்ராம் காட்டும் அது, ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் 7-க்குச் சுருங்கி, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. ‘முதலில் அடுப்பில் காயவைத்துவிடு’ என்று சொன்ன அந்த நொடியிலேயே சான்று அழிந்து போகிறது.

சுடுவதிலும் பக்குவம் உண்டு. சாதாரணக் கண்ணாடி வில்லை 550 டிகிரியில் இளகி வளையத் தொடங்கும். வில்லை வளைந்தால் களியின் பரப்பு தன் இடத்திலிருந்து விலகும், முகடும் இடம் மாறும். இடைவெளி மாறிவிட்டது என்று நாம் ஏமாந்து போவோம். சட்டென்று வெளியே எடுத்தால் களிப் படலம் செதில் செதிலாக உரிந்துவிடும். அதனால் உலையைத் தானாக ஆறவிட வேண்டும். 300 டிகிரியில் சூடாக்கிய ஸ்மெக்டைட்டை மழைக்காலக் காற்றில் மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், அது ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். டெசிக்கேட்டரில் வைத்து, எடுத்த உடனே அளக்க வேண்டும்.

இவற்றில் எது கூலிவேலை? நீங்களே சொல்லுங்கள்.

“நேரம் எங்கே சார் இருக்கிறது?”

என் மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஒரே மாதிரியை உலர்நிலை, கிளைக்கால், 300 டிகிரி, 550 டிகிரி என்று நான்கு முறை அளக்க நாள்கணக்கில் ஆகும். கட்டணம் செலுத்தி அளக்கும் இடங்களில் செலவும் நான்கு மடங்கு. இப்போது கணிப்பொறி நிரலே முகடுகளை ஒப்பிட்டு நொடியில் பெயர்ப்பட்டியல் தந்துவிடுகிறது. தூய உப்பையோ உலோகத்தையோ அடையாளம் காண அது போதும்தான். எல்லாவற்றையும் சுட்டுப் பார் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் களிமண்ணில் அது போதாது. நிரல் தனக்குக் கொடுக்கப்பட்ட கோணங்களை மட்டுமே ஒப்பிடும். “இதைச் சுட்டீர்களா?” என்று அது கேட்பதில்லை. அன்று நான் செய்த தவறை அதுவும் செய்யக்கூடும், அதுவும் என்னைவிட வேகமாக.

செவ்வாய்க் கோளில் நடந்ததைப் பாருங்கள். 2012 ஆகஸ்டில் அங்கு இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியில், கெமின் என்ற எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி இருக்கிறது. 2013-இல் ஜான் கிளைன், கம்பர்லாண்ட் என்று பெயரிட்ட இரண்டு இடங்களில் பாறையைத் துளைத்து எடுத்த தூளில் ஸ்மெக்டைட் வகைக் களி தெரிந்தது. இரண்டும் அருகருகே இருந்த இடங்கள். ஆனால் ஒன்றில் இடைவெளி ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராம், மற்றொன்றில் 13.2. ஏன் இந்த வேறுபாடு? பூமியாக இருந்தால் கிளைக்காலில் வைத்துப் பார்த்திருக்கலாம். கெமினில் அதற்கு வழியில்லை. ஆகவே ஊர்தியிலேயே இருந்த வேறொரு கருவியின் உலையில் தூளைச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் நீராவி வெளிவருகிறது என்று அளந்து, அந்தச் சான்றையும் சேர்த்தே களியின் இயல்பைப் பற்றி வாதிட்டார்கள். அங்கும் சுட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது!

நம் செய்முறை வகுப்புகள்

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். செய்முறைத் தேர்வில் உப்பைக் கையில் வாங்கியதும் அதன் நிறத்தைப் பார்த்தே பெயரை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற சோதனைகளை ஏட்டில் எழுதிவைக்கும் மாணவர்கள் இல்லையா? தனி ஊசல் சோதனையில் g-இன் மதிப்பு 9.8 வரும்படி அலைவு நேரத்தைத் திருத்தி எழுதுபவர்கள் இல்லையா? அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. விடைக்கு மதிப்பெண் கொடுத்து, வழிக்குக் கொடுக்காத எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கே அதில் பெரும்பங்கு உண்டு.

என் யோசனை எளியது. செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில் பாதியையாவது, மாதிரியை எப்படித் தயாரித்தாய், எதைச் சந்தேகித்தாய், அந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்த்தாய் என்பதற்கு ஒதுக்க வேண்டும். தவறான விடை கண்டு, அது ஏன் தவறானது என்று காட்டும் மாணவருக்கு, மனப்பாடமாகச் சரியான விடை எழுதியவரைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்-கதிர்க் கருவி இல்லாமலே உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் ஊர் மண்ணை உலர்த்திப் பொடித்து நுண்சல்லடையில் சலியுங்கள். பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லிலிட்டர் அளவுக் குடுவைகளில் இடுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 வரை நிரப்பி, காற்றுக்குமிழ்கள் போகக் கலக்கி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெய் அருகே நெருப்பு கூடாது, ஆசிரியர் உடன் இருக்கட்டும். பிறகு இரண்டிலும் மண் படிந்திருக்கும் பருமனைப் பாருங்கள். மண்ணெண்ணெய் ஸ்மெக்டைட்டின் ஏடுகளுக்குள் புகாது, தண்ணீர் புகும். தண்ணீரில் கூடுதலாக உள்ள பருமனை மண்ணெண்ணெயிலுள்ள பருமனால் வகுத்து நூறால் பெருக்கினால், உங்கள் மண் எத்தனை சதவீதம் உப்புகிறது என்று தெரியும். கட்டடப் பொறியாளர்கள் இன்றும் செய்யும் சோதனைதான் இது.

பிறகு செங்கல் துண்டு ஒன்றைப் பொடித்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு முடிவுகளையும் அருகருகே எழுதுங்கள். எடுத்த இடம், ஆழம், தேதி, தண்ணீரின் வெப்பநிலை ஆகியவற்றையும் குறிக்க மறக்காதீர்கள்.

நாளை உங்களில் ஒருவர் பொறியாளராகவோ வேளாண் அறிவியலாராகவோ ஆகக்கூடும். அன்று யாரோ ஒரு மாமா, மண்ணை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து “இதுல வீடு கட்டலாமாப்பா?” என்று கேட்பார். அவர் தம் வாழ்நாள் சேமிப்பை நம்பிக்கையோடு உங்கள் முன் வைக்கிறார். வரைபடத்தில் முதல் முகடு தெரிந்தவுடன் பதில் சொல்ல வாய் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். உலையை மூட்டுங்கள். சுட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்!